நான்கு புளியங்கொட்டைகளும் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியும்

ஆவி பறக்க மேசைமேல் வைத்த காப்பி சிறிது நேரத்தில் ஆறிவிடுகிறது. ஆறிய காப்பி, சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு தானாகவே சூடானதை எவரேனும் கண்டதுண்டா? இல்லை. ஏன் இல்லை என்று இயற்பியல் மாணவன் ஒருவனைக் கேட்டால், "வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அதைத் தடுக்கிறது" என்பான். அந்த விதி ஏன் அப்படித் தடுக்கிறது என்று மேலும் கேட்டால், "குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகப் பாய்ந்ததை எவரும் கண்டதில்லை, அதனால்தான் அது விதி" என்பான். புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றுவிட்டோம்.

இந்த வட்டத்திலிருந்து வெளியே வர வழி உண்டு. அவ்வழி நம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஆனால் வெப்ப இயக்கவியலை ஒரு பருவத்திலும் புள்ளியியல் இயக்கவியலை வேறொரு பருவத்திலும் படிக்கிறோம். முன்னதில் எஞ்சின், உருளை, அழுத்தம், கனஅளவு. பின்னதில் நிகழ்தகவு, மடக்கை, ஸ்டர்லிங் தோராயம். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. தேர்வுக்கூடத்தில் ‘எஸ் ஈக்வல்டு கே லாக் டபிள்யூ’ என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறோம். அந்த ‘டபிள்யூ’ எதை எண்ணுகிறது என்ற வினா மட்டும் வினாத்தாளில் வருவதில்லை. இளநிலை மூன்றாம் ஆண்டில் பயிலும் நான் அந்த வினாவுக்கு இங்கே விடை எழுத முயல்கிறேன். வரலாறும் வணிகவியலும் பயிலும் நண்பர்கள் சூத்திரம் வருமோ என்று அஞ்சிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தாயம் ஆடிய பழக்கம் இருந்தால் போதும்.

முதல் இரு விதிகளை விரைந்து கடந்துவிடலாம். இரண்டு பொருள்கள் மூன்றாவது ஒன்றுடன் தனித்தனியே வெப்பச் சமநிலையில் இருந்தால் அவை தமக்குள்ளும் சமநிலையில் இருக்கும் என்பது சுழியாம் விதி. வெப்பமானிக்கு வாழ்வளிப்பது இதுவே. வெப்பமும் ஆற்றலின் ஒரு வடிவமே. ஆற்றல் வடிவம் மாறலாம், அழிவதில்லை என்பது முதல் விதி. 1840-களில் மாயரும் ஜூலும் இதை நிலைநாட்டினர். நீரைத் துடுப்பால் கலக்கிச் சூடாக்கிய ஜூலின் ஆய்வை நாம் அனைவரும் அறிவோம். ஒரு கலோரிக்கு ஏறத்தாழ 4.2 ஜூல்.

முதல் விதி ஒரு கணக்குப்பிள்ளை. வரவும் செலவும் சரியாக இருந்தால் போதும், கையெழுத்துப் போட்டுவிடும். காற்றிலிருந்து 350 ஜூல் வெப்பம் காப்பிக்குள் திரும்பி வந்தாலும் அதன் பேரேட்டில் குறையொன்றும் இராது. எந்தத் திசையில் நடக்கும் என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. திசையைச் சொல்ல வந்ததே இரண்டாம் விதி.

அது பிறந்த இடம் ஆய்வுக்கூடமன்று, நீராவி எஞ்சின். பிரான்சு நாட்டுப் பொறியாளர் சாதி கார்னோ 1824-ஆம் ஆண்டில், தமது 28-ஆம் வயதில், ஒரு சிறு நூலை வெளியிட்டார். எஞ்சினை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அதன் திறனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு சூடான பக்கத்தின் வெப்பநிலையையும் குளிர்ந்த பக்கத்தின் வெப்பநிலையையும் மட்டுமே பொறுத்தது. உள்ளே இருப்பது நீராவியா, காற்றா என்பதைப் பொறுத்ததன்று என்று அதில் காட்டினார். அப்போது அவர் வெப்பத்தை ஒரு திரவம் போன்ற பொருளாகவே கருதினார். அடிப்படைக் கருத்து பிசகு, முடிவோ சரி! அறிவியல் வரலாற்றில் இப்படியும் நேர்வதுண்டு. நூலை அன்று பெரும்பாலோர் கவனிக்கவில்லை. 1832-இல் காலரா நோய் கண்டு 36 வயதிலேயே கார்னோ மறைந்தார்.

அவருடைய வரம்பு இன்றும் நம் வீட்டு விளக்குவரை வந்து நிற்கிறது. அனல் மின் நிலையத்தில் நீராவி 540 டிகிரி செல்சியசில் நுழைந்து, குளிர்விப்பான் 40 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். கெல்வின் அளவில் இவை 813, 313. கார்னோ தரும் உச்சத்திறன் 1-இலிருந்து 313/813-ஐக் கழித்தது, அதாவது 61 விழுக்காட்டுக்குச் சற்று மேல். உராய்வும் பிற இழப்புகளும் சேர, நிலக்கரி நிலையங்களில் உண்மையில் கிடைப்பது பெரும்பாலும் 35 முதல் 40 விழுக்காடு. நெய்வேலியில் குளிர்விப்புக் கோபுரங்களின் தலையில் எழும் வெண்புகையைப் பார்த்து, ‘இவ்வளவு வெப்பத்தை வீணாக்குகிறார்களே’ என்று வருந்துவோர் உண்டு. அதில் ஒரு பங்கைப் பொறியாளர் மிச்சப்படுத்தலாம். மறு பங்கைக் கார்னோவுக்குக் கப்பமாகக் கட்டியே தீரவேண்டும்.

கார்னோவின் கருத்தை முதல் விதியோடு இணைத்தவர்கள் கிளாசியசும் கெல்வினும். கிளாசியஸ் 1865-இல் ஒரு புதிய அளவுக்குப் பெயர் சூட்டினார். மாற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து, ‘எனர்ஜி’க்கு உடன்பிறப்புப் போல ஒலிக்கவேண்டும் என்று கருதியே, ‘என்ட்ரோப்பி’ என்ற சொல்லைப் படைத்தார். ஒரு பொருள் மீள்முறையில் பெறும் வெப்பத்தை அதன் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் அப்பொருளின் என்ட்ரோப்பி எவ்வளவு கூடியது என்பது கிடைக்கும்.

நம் காப்பிக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். காப்பி 77 டிகிரி செல்சியஸ், அதாவது 350 கெல்வின். அறையின் காற்று 27 டிகிரி, அதாவது 300 கெல்வின். காப்பியிலிருந்து 350 ஜூல் வெப்பம் காற்றுக்குப் போகிறது. ஒரு குவளைக் காப்பியின் வெப்பநிலையை இது அரை டிகிரி அளவே குறைக்கும். ஆகவே 350 கெல்வின் என்றே வைத்துக்கொள்ளலாம். காப்பி இழந்த என்ட்ரோப்பி 350/350, அதாவது கெல்வினுக்கு 1 ஜூல். காற்று பெற்றதோ 350/300, அதாவது 1.167 ஜூல். வரவு மிகுதி 0.167. வெப்பம் எதிர்த்திசையில் போயிருந்தால் இதே 0.167 குறைந்திருக்கும். தனித்து விடப்பட்ட அமைப்பில் என்ட்ரோப்பி குறையாது என்பதே இரண்டாம் விதி. ஆகவே காப்பி ஆறும்; தானாகச் சூடாகாது.

கணக்கு கச்சிதமாக முடிந்தது. ஆனால் 0.167 என்றால் என்ன? எதன் அளவு அது? வெப்பமானியில் தெரியாது, தராசில் நிற்காது. கிளாசியசின் வரையறை அதைக் கணிக்கக் கற்றுத் தருகிறதே ஒழிய, அது இன்னதென்று சொல்வதில்லை. இங்கேதான் வியன்னா நகரத்து லுட்விக் போல்ட்ஸ்மன் நமக்குத் தேவைப்படுகிறார். அவரைச் சந்திக்குமுன் நான்கு புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்வோம்.

ஒரு பக்கம் வெண்மையாகத் தேய்த்த புளியங்கொட்டைகள், நம் பாட்டிமார் தாயம் ஆடியவை. நான்கையும் குலுக்கிப் போட்டால் எத்தனை வெள்ளை விழும்? ஒவ்வொரு கொட்டையும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ விழலாம். ஆக மொத்தம் 16 வகை. நான்கும் வெள்ளையாக விழ ஒரே வகைதான். மூன்று வெள்ளை விழ 4 வகை. இரண்டு வெள்ளை விழ 6 வகை. ஒன்று விழ 4. ஒன்றுமே விழாமலிருக்க 1. கொட்டையின் கனம் ஒரு பக்கம் சாயுமே என்று கணிதத்துறை நண்பர்கள் தடை எழுப்பலாம். அவர்கள் நல்ல நாணயங்களாகவே எடுத்துக்கொள்ளட்டும்.

எந்தக் கொட்டை எந்தப் பக்கம் என்று முழுமையாகச் சொன்னால் அது நுண்ணிலை. ‘இரண்டு வெள்ளை’ என்று தொகையை மட்டும் சொன்னால் அது பருநிலை. தாயம் ஆடுபவர் பார்ப்பது பருநிலையை மட்டுமே. ஒவ்வொரு நுண்ணிலைக்கும் வாய்ப்பு ஒன்றுதான், 16-இல் 1. ஆனால் ‘இரண்டு வெள்ளை’ என்ற பருநிலைக்குள் ஆறு நுண்ணிலைகள் அடக்கம். அதனால்தான் அது அடிக்கடி விழுகிறது.

இனி 100 கொட்டைகளை எல்லாம் வெள்ளை மேலே இருக்குமாறு ஒரு முறத்தில் அடுக்கிக் குலுக்குவோம். சிறிது நேரத்தில் ஏறத்தாழப் பாதி வெள்ளை, பாதி கறுப்பு ஆகிவிடும். பாதியை நோக்கி அவற்றைத் தள்ளிய விசை எது? எதுவுமில்லை. எந்தக் கொட்டைக்கும் பக்கத்துக் கொட்டை எப்படிக் கிடக்கிறது என்பது தெரியாது. மொத்த நுண்ணிலைகள் 1.27 × 10³⁰. அதில் நூறும் வெள்ளையாக உள்ளது ஒன்றே ஒன்று. 40 முதல் 60 வரை வெள்ளையாக உள்ளவையோ நூற்றுக்கு 96-க்கும் மேல். போகும் இடமெல்லாம் ‘ஏறத்தாழப் பாதி’யாகவே இருக்கும்போது, அங்கே போய்ச் சேர வழிகாட்டி எதற்கு? நொடிக்கு ஒரு முறை குலுக்கினால், மீண்டும் நூறும் வெள்ளையாக விழுவதைக் காணச் சராசரியாக அண்டத்தின் வயதைப் போல 3 லட்சம் கோடி மடங்கு காலம் காத்திருக்கவேண்டும். அண்டத்தின் வயதை 1,380 கோடி ஆண்டு என்று கொண்டு இதைக் கணித்தேன்.

நூறு கொட்டைக்கே இப்படி என்றால், ஒரு லிட்டர் காற்றில் அறை வெப்பநிலையில் உள்ள மூலக்கூறுகள் ஏறத்தாழ 2.4 × 10²². ‘வெள்ளை’ என்பதற்குப் பதில் ‘இடப்பாதி’ என்றும், ‘கறுப்பு’ என்பதற்குப் பதில் ‘வலப்பாதி’ என்றும் வைத்துக்கொண்டால், காற்று ஏன் குடுவை முழுதும் பரவியிருக்கிறது என்பது விளங்கிவிடும். பாதிக்குப் பாதி என்பதிலிருந்து இயல்பாக ஏற்படும் விலகல் லட்சம் கோடியில் ஆறு பங்கு அளவே. அவ்வளவு நுண்ணிய ஏற்றத்தாழ்வை எந்த அழுத்தமானி காட்டும்?

போல்ட்ஸ்மன் செய்தது இதுதான்: ஒரு பருநிலைக்குள் எத்தனை நுண்ணிலைகள் அடங்கும் என்று எண்ணி, அந்த எண்ணின் மடக்கையை எடுத்து, ஒரு மாறிலியால் பெருக்கினால் கிடைப்பதே கிளாசியசின் என்ட்ரோப்பி. ‘டபிள்யூ’ என்பது அந்த எண்ணிக்கை. மடக்கை எதற்கு என்ற ஐயம் எழலாம். நான்கு கொட்டைக்கு 16 நுண்ணிலை. இன்னொரு நான்கைச் சேர்த்தால் 16 + 16 அன்று, 16 × 16. எண்ணிக்கை பெருகுகிறது, ஆனால் என்ட்ரோப்பி கூடவேண்டிய அளவு. இரு குவளைக் காப்பிக்கு இரு மடங்கு. பெருக்கலைக் கூட்டலாக்கித் தருவது மடக்கை அன்றோ! மாறிலியோ அலகுக்காக வந்தது. நுண்ணிலைகளின் எண்ணிக்கைக்கு அலகு கிடையாது. என்ட்ரோப்பியை நாம் கெல்வினுக்கு இத்தனை ஜூல் என்று அளக்கிறோம். அந்த மொழிபெயர்ப்பைச் செய்வது போல்ட்ஸ்மன் மாறிலி, கெல்வினுக்கு 1.38 × 10⁻²³ ஜூல்.

இப்போது நம் 0.167-ஐ இந்த மாறிலியால் வகுத்துப் பார்ப்போம். 1.2 × 10²² வருகிறது. இது மடக்கை மட்டுமே, இயல் மடக்கை. எண்ணிக்கையாக மாற்றினால், 350 ஜூல் வெப்பம் காற்றுக்குப் போனபின் காப்பியும் காற்றும் சேர்ந்த அமைப்பின் நுண்ணிலைகள், 1 போட்டு அதன்பின் ஏறத்தாழ 5.2 × 10²¹ சுழிகள் இட்ட மடங்கு கூடியிருக்கின்றன. ஒரு சுழியை 2 மில்லிமீட்டர் அகலத்தில் எழுதினாலும் அந்த வரிசை 1,100 ஒளியாண்டு தொலைவு நீளும். ஆறிய காப்பி தானாகச் சூடாவதற்குள்ள வாய்ப்பு, அந்த எண்ணில் ஒன்று. விதி அதைத் தடுக்கவில்லை. எண்ணிக்கை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

ஏன் சூட்டிலிருந்து குளிருக்கு மட்டும் வெப்பம் பாய்கிறது என்பதும் இதில் தெளிவாகும். நூறு ரூபாய் ஒரு செல்வர் வீட்டிலிருந்து ஏழை வீட்டுக்குப் போனால், செல்வர் வீட்டில் ஒன்றும் குறைந்ததாகத் தெரியாது. ஏழை வீட்டில் அடுப்பெரியும். ஒரு ஜூல் ஆற்றலும் அப்படியே. சூடான பொருளில் அது குறைந்தால் நுண்ணிலைகளின் மடக்கை சிறிதளவே குறைகிறது. குளிர்ந்த பொருளில் சேர்ந்தால் மிகுதியாகக் கூடுகிறது. உண்மையில் புள்ளியியல் இயக்கவியல் வெப்பநிலைக்குத் தரும் வரையறையே இதுதான்: ஆற்றலைச் சிறிது கூட்டினால் என்ட்ரோப்பி எந்த வீதத்தில் கூடுகிறதோ, அவ்வீதத்தின் தலைகீழ் மதிப்பே கெல்வின் வெப்பநிலை. கிளாசியசின் ‘வெப்பத்தை வெப்பநிலையால் வகு’ என்ற விதி எங்கிருந்தோ வந்து குதித்ததன்று, எண்ணிக்கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. இதுவே நான் முதலில் சொன்ன பாலம்.

மண்பானையையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். எந்தத் திரவத்திலும் எல்லா மூலக்கூறுகளும் ஒரே விரைவில் ஓடுவதில்லை. சில மிக விரைவு, சில மந்தம். விரைவுகள் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கும் என்பதை வளிமங்களுக்கு 1860-இல் வகுத்தவர் மாக்ஸ்வெல். பானையின் நுண்துளைகளில் கசியும் நீரிலிருந்து மிகுந்த விரைவுள்ள மூலக்கூறுகளே பிடியை அறுத்துக்கொண்டு வெளியேறுகின்றன. எஞ்சியவற்றின் சராசரி ஆற்றல் குறைகிறது, நீர் குளிர்கிறது. 10 லிட்டர் பானையில் 100 கிராம் நீர் ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராதவரை, மற்ற நீர் 6 டிகிரி அளவு குளிரும். வேலூர் வெயிலில் சில்லென்று இருக்கும் பானை, மழைக்காலச் சென்னையில் ஏன் சோம்பிவிடுகிறது? வெளியேறிய மூலக்கூறுகளுக்கு ஈடாக ஈரக்காற்றிலிருந்து ஏறக்குறைய அதே எண்ணிக்கை உள்ளே திரும்பி வந்துவிடுகிறது. அவ்வளவே.

இத்தனை எளிதான கருத்தை அக்கால அறிஞர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்களா என்றால், இல்லை. எதிர்ப்புகள் மூன்று முனைகளிலிருந்து வந்தன. மூன்றும் வலுவானவை.

முதலாவது, போல்ட்ஸ்மனின் நண்பரும் சக பேராசிரியருமான லோஷ்மிட் 1876-இல் எழுப்பியது. நியூட்டனின் இயக்க விதிகள் முன்னும் பின்னும் ஒன்றேபோல் செல்லுபடியாகும். ஒவ்வொரு மூலக்கூறின் திசைவேகத்தையும் அப்படியே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டால், சினிமாப் படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டியதுபோல் எல்லாம் வந்த வழியே திரும்பும், என்ட்ரோப்பி குறையும். அப்படியிருக்க, திசையற்ற விதிகளிலிருந்து திசையுள்ள விதி எப்படிப் பிறக்கும்? இரண்டாவது, ஸெர்மலோ 1896-இல் எழுப்பியது. அடைபட்ட எந்த அமைப்பும் நெடுங்காலத்தில் தன் தொடக்க நிலைக்கு மிக நெருக்கமாகத் திரும்பியே தீரும் என்று புவான்கரே நிறுவியிருந்தார். அப்படியானால் என்ட்ரோப்பி என்றென்றும் ஏறிக்கொண்டே போவது எங்ஙனம்?

போல்ட்ஸ்மன் இவற்றை மறுக்கவில்லை. ஏற்றுக்கொண்டே விடை சொன்னார் என்பதுதான் அவர் பெருமை. ஆம், அப்படித் திரும்பும் நிலைகள் உண்டு. ஆனால் மற்றவற்றோடு ஒப்பிட்டால் அவை ஒன்றுமில்லை என்னும் அளவுக்கு அரியவை. ஆம், திரும்பும். ஆனால் ஒரு கன சென்டிமீட்டர் வளிமம் திரும்பிவர ஆகும் காலத்தை எழுதக் காகிதம் போதாது. ஆக, இரண்டாம் விதி முதல் விதியைப் போன்ற கட்டளையன்று. நிகழ்தகவைப் பற்றிய கூற்று. இதைச் சொல்வதற்கு அன்று துணிவு வேண்டியிருந்தது. இயற்கையின் பெரு விதி ஒன்று வெறும் ‘பெரும்பாலும்’ ஆகிவிட்டால் இயற்பியலின் மானம் என்னாவது என்று பலர் கலங்கினர். என் கருத்தில் அவர்களுடைய கலக்கம் நகைப்புக்குரியதன்று. முதன்முறை இதைப் படிக்கும் எந்த மாணவனுக்கும் அது வரவேண்டும். வராவிட்டால் படித்தது உள்ளே இறங்கவில்லை என்றே கொள்ளலாம்.

மூன்றாவது எதிர்ப்பு அடிமடியிலேயே கைவைப்பது. அணு என்று ஒன்று உண்டா? வியன்னாவிலேயே இருந்த எர்ன்ஸ்ட் மாக், கண்ணால் காணமுடியாத அணுக்களை இயற்பியலில் உண்மைப் பொருள்களாக ஏற்க மறுத்தார். அணுவே இல்லையென்றால் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது?

விடை வந்துகொண்டிருந்தது. நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அசைவுக்கு மூலக்கூறுகளின் மோதலே காரணம் என்று கொண்டு, 1905-இல் ஐன்ஸ்டீன் அதன் அளவைக் கணித்தார். 1908 முதல் பிரான்சில் பெரென், மரப்பிசினிலிருந்து செய்த ஒரேயளவு நுண்மணிகளை நீரிலிட்டு, உயரத்துக்கேற்ப அவை எப்படிக் குறைகின்றன என்று நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணினார். உயரே போகப்போக வளிமண்டலம் அடர்த்தி குறைவதைப் போலவே அவையும் குறைந்தன. அதிலிருந்து அவகாட்ரோ எண்ணையும் கண்டார். அணுவைப் பற்றிய ஐயம் பெரும்பாலோரிடம் அத்தோடு தீர்ந்தது. 1926-இல் பெரெனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதைக் காண போல்ட்ஸ்மன் இல்லை. 1906 செப்டம்பர் 5 அன்று, திரியெஸ்த் அருகே துயினோ என்னும் கடற்கரை ஊரில், விடுமுறைக்குச் சென்ற இடத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எதிர்ப்பாளர்களே அவரைக் கொன்றுவிட்டனர் என்று எழுதுவோர் உண்டு. அவருக்கு நெடுநாளாகக் கடும் மனச்சோர்வு இருந்தது. ஒரு மனிதரின் துயரத்துக்கு ஒரே காரணத்தைத் தேடிப் பிடிப்பது, கொட்டைகளை எண்ணுவதுபோல் எளிதன்று. வியன்னா மத்தியக் கல்லறையில் அவர் சிலைக்கு மேலே அந்தச் சமன்பாடு பொறிக்கப்பட்டிருக்கிறது. அதிலுள்ள மாறிலியை அந்த வடிவில் 1900-இல் முதலில் எழுதியவர் பிளாங்க் என்பது ஒரு சுவையான செய்தி.

இரண்டாம் விதி நிகழ்தகவுக் கூற்றே என்றால், மூலக்கூறுகள் குறைவாக உள்ள இடத்தில், மிகக் குறுகிய நேரத்தில், அது தவறுவதைக் காணவும் கூடவேண்டும். நான்கு கொட்டையில் நான்கும் வெள்ளையாக விழுவது அரிதன்றே! 2002-இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் இதைச் செய்தே காட்டினர். நீரில் மிதக்கும் நுண்மணி ஒன்றை லேசர் ஒளியால் பிடித்து இழுத்தபோது, ஓரிரு நொடிகளுக்குள், மணி சுற்றுப்புற நீரின் வெப்பத்திலிருந்து ஆற்றல் பெற்று என்ட்ரோப்பி குறைவதைச் சில வேளைகளில் கண்டனர். நேரம் நீள நீள அத்தகைய நிகழ்ச்சிகள் மறைந்துபோயின. எவ்வளவு அரிதாக நிகழவேண்டும் என்று கோட்பாடு சொன்னதோ அதற்கு இணங்கவே நிகழ்ந்தன. லோஷ்மிட்டின் வினாவுக்கு, 126 ஆண்டுகள் கழித்து, ஒரு சொட்டு நீரில் கிடைத்த விடை என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் லோஷ்மிட்டின் வினாவில் ஒரு பாதி இன்னும் மீதமிருக்கிறது. எண்ணிக்கை வாதம் நாளை என்ட்ரோப்பி கூடும் என்கிறது. அதே வாதத்தை நேற்றை நோக்கித் திருப்பினால், நேற்றும் மிகுதியாகவே இருந்திருக்கவேண்டும் என்று வருகிறது! உண்மையில் நேற்று குறைவாக இருந்தது. அண்டத்தின் தொடக்கத்தில் மிகமிகக் குறைவாக இருந்தது. ஏன் அப்படித் தொடங்கியது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விடை இன்றுவரை இல்லை. நூறும் வெள்ளையாக முறத்தில் அடுக்கி வைத்த கை எது என்று கேட்பதைப் போன்றது இது.

‘என்ட்ரோப்பி என்றால் ஒழுங்கின்மை’ என்று நம்மில் பலர் எழுதுகிறோம். அந்த விடைக்கு மதிப்பெண் கிடைக்கலாம். எனக்கு அதில் நிறைவில்லை. விடுதி அறை கலைந்து கிடப்பதற்கும் என்ட்ரோப்பிக்கும் உள்ள உறவு வெறும் உவமைதான். ஒழுங்கு என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. நுண்ணிலைகளின் எண்ணிக்கை அப்படியன்று. ஒழுங்கின்மை என்று சொல்லிவிட்டால் உடனே, ‘விதை மரமாகிறதே, அது ஒழுங்கில்லையா?’ என்ற கேள்வியும் வந்துவிடும். மரம் தனித்து விடப்பட்ட அமைப்பன்று. பூமி சூரியனிடமிருந்து எவ்வளவு ஆற்றலைப் பெறுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவையே விண்வெளிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆனால் வருவது 5,800 கெல்வின் சூட்டிலிருந்து புறப்பட்ட ஒளி. போவது சராசரியாக 255 கெல்வினுக்குரிய அகச்சிவப்புக் கதிர். வரும் ஒரு ஃபோட்டானுக்கு ஈடாக இருபது ஃபோட்டான்கள் வெளியேறுகின்றன. ஆற்றல் அதே, நுண்ணிலைகள் பலப்பல மடங்கு. இந்த இடைவெளிக்குள்தான் நெல் விளைகிறது, நாமும் உயிர்வாழ்கிறோம்.

எண்ணுவது என்றேனே, எப்படி எண்ணுவது என்பதும் சிறு செய்தியன்று. இரண்டு கொட்டைகளைக் குலுக்கினால் 4 வகை. முதல் கொட்டை வெள்ளை, இரண்டாவது கறுப்பு என்பதும், முதலாவது கறுப்பு, இரண்டாவது வெள்ளை என்பதும் வேறு வேறு. இரண்டையும் அடையாளம் காணவே முடியாதென்றால்? அப்போது அவை இரண்டும் ஒன்றே. மொத்தம் 3 வகைதான். ஒளித்துகள்களை இப்படித்தான் எண்ணவேண்டும் என்று 1924-இல் டாக்காப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த சத்யேந்திரநாத் போஸ் கண்டு, பிளாங்கின் கதிர்வீச்சு விதியை அந்த எண்ணும் முறையிலிருந்தே வருவித்தார். கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்ப, அவர் தாமே அதை ஜெர்மனில் பெயர்த்து வெளியிடச் செய்தார். போஸ்–ஐன்ஸ்டீன் புள்ளியியல் என்று நாம் பயில்வது அதுவே. தாய்மொழியில் அறிவியல் கற்பிக்கவேண்டும் என்று அயராது வாதாடி, 1948-இல் வங்க மொழியில் அறிவியல் பரப்பும் கழகம் ஒன்றைத் தொடங்கியவரும் இதே போஸ்தான். தமிழ்வழியில் பயிலும் நம்மவர் மனத்தில் கொள்ளத்தக்க செய்தி இது.

கணிப்பொறி அறிவியல் நண்பர்களுக்கும் ஒரு வரி: நினைவகத்தில் ஒரு பிட்டை அழிப்பது இரண்டு நிலைகளை ஒன்றாக்குவது, அதாவது எண்ணிக்கையைப் பாதியாக்குவது. அந்தக் குறைவை வெளியே வெப்பமாகத் தள்ளியே ஆகவேண்டும் என்று 1961-இல் லாண்டவர் காட்டினார். 300 கெல்வினில் ஒரு பிட்டுக்குக் குறைந்தது 2.9 × 10⁻²¹ ஜூல். இன்றைய எந்திரங்கள் செலவிடுவது அதைவிடப் பன்மடங்கு.

போல்ட்ஸ்மன் மாறிலிக்கு 2019 மே 20 முதல் ஒரு புதிய தகுதியும் வந்துவிட்டது. அதற்கு முன் கெல்வின் என்ற அலகை நீரின் மும்மைப் புள்ளியைக் கொண்டு வரையறுத்தனர். இப்போது இந்த மாறிலியின் மதிப்பு 1.380649 × 10⁻²³ என்று பிசகின்றி நிலைநிறுத்தப்பட்டு, கெல்வின் அதிலிருந்து பெறப்படுகிறது. நம்மிடம் உள்ள பழைய பாடநூல்களில் மும்மைப் புள்ளி வரையறையே இருக்கும். தேர்வுக்கு முன் திருத்திக்கொள்ளுங்கள்.

கீழ் வகுப்பு நண்பர்கள் செய்து பார்க்க ஒரு கணக்கு. 273 கெல்வினில் உள்ள 100 கிராம் பனிக்கட்டி, 300 கெல்வின் வெப்பநிலையுள்ள அறையில் உருகி அதே 273 கெல்வினில் நீராகிறது. உருகுதலின் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 334 ஜூல். பனிக்கட்டி பெற்ற என்ட்ரோப்பியையும் அறை இழந்ததையும் தனித்தனியே கண்டு, வரவு மிகுதியைக் கணியுங்கள். ஏறத்தாழ கெல்வினுக்கு 11 ஜூல் வரவேண்டும். அதைப் போல்ட்ஸ்மன் மாறிலியால் வகுத்தால் 8 × 10²³. காப்பிக்குச் செய்ததுபோல் அதைச் சுழிகளாக மாற்றி, வரிசை எத்தனை ஒளியாண்டு நீளும் என்றும் பாருங்கள்.